உப்பு, பிரஷர், மூளைக்குள் ஒரு கசிவு

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மெரிபேங்க் என்று எங்கெங்கோ அடுப்படியிலும் காரிலும் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் வணக்கம். பக்கவாதத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் முழுவதையும் சொல்ல முடியாது. ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துக் கசிவது.

நாம் எதையும் ‘ஸ்ட்ரோக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் குழாய் அடைத்துக்கொள்வது வேறு, வெடிப்பது வேறு. 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 1 கோடியே 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அடைப்பு, மிச்சம் ஒரு பங்குதான் கசிவு. சாவுக் கணக்கைப் பார்த்தால் கதை மாறிவிடுகிறது. பக்கவாதத்தில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கசிவால் போகிறவர்கள். மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்தால் பத்தில் நான்கு பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். அந்த நால்வரில் இருவர் முதல் இரண்டு நாளிலேயே. மூன்றில் ஒரு பங்கு நோய், பாதிச் சாவு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு பங்கும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இல்லை. மேலை நாடுகளில் நூறு பக்கவாதத்தில் பத்துப் பதினைந்துதான் கசிவு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அது முப்பதைத் தொடும், சில இடங்களில் தாண்டும். வயதும் அப்படித்தான். பணக்கார நாடுகளில் எழுபதைத் தாண்டியவர்களைப் பிடிக்கும் நோய், கானாவிலும் நைஜீரியாவிலும் ஆராய்ந்தபோது ஐம்பதுகளில் இருப்பவர்களைப் பிடித்திருந்தது. பேரப்பிள்ளை பார்த்த வயது இல்லை அது, வேலைக்குப் போய் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் வயது. ஆண்களுக்குப் பெண்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஏன் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பிரஷர். தெருவில் போகும் பெரிய தண்ணீர்க் குழாயிலிருந்து, நடுவில் எதுவும் இல்லாமல், நேராக ஒரு மெல்லிய குழாய் பிரிந்தால் என்ன ஆகும்? பெரிய குழாயின் முழு அழுத்தமும் அதன் மேலேயே விழும். மூளையின் ஆழத்தில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் அப்படித்தான் பிரிகின்றன. வருடக்கணக்கில் அடி வாங்கி அவற்றின் சுவர் நைந்துபோகிறது. ஒருநாள் கிழிகிறது. வயதானவர்களுக்கு மூளையின் ஓரப்பகுதியில் வேறு காரணத்தாலும் கசியும். அது தனிக்கதை, இன்று வேண்டாம்.

இங்கே ஜப்பானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1951 முதல் 1980 வரை அந்த நாட்டில் ஆட்களைக் கொன்ற நோய்களில் முதலிடம் பக்கவாதத்துக்குத்தான். இறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தால் அடைப்பைவிடக் கசிவே பல மடங்கு என்று இருந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் நம்பவில்லை. டாக்டர்கள் தப்பாக எழுதுகிறார்கள் என்றார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது, முதல் நோயாளியின் தலையை அப்படிப் படம் எடுத்ததே 1971இல்தான். அதற்கு முன் எழுதியதெல்லாம் வெளியிலிருந்து பார்த்துச் சொன்ன ஊகம். சரி, திறந்தே பார்த்துவிடுவோம் என்று 1961இல் ஃபுக்குவோகாவுக்குப் பக்கத்தில் ஹிசாயாமா என்ற சின்ன ஊரில் ஆய்வைத் தொடங்கினார்கள். ஊரில் இறந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குப் பிரேதப் பரிசோதனை. குடும்பங்கள் சம்மதித்திருக்கின்றன, யோசித்துப் பாருங்கள்! பார்த்தால், சான்றிதழ்கள் கசிவைக் கூட்டித்தான் சொல்லியிருந்தன. ஆனாலும் கசிவு நிஜமாகவே அதிகம்தான், அதுவும் ஆண்களுக்கு.

அந்தக் காலத்தில் வடக்கு ஜப்பானில் அகிதா பக்கம் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்டார். குளிர்காலம் முழுக்க உப்பில் போட்ட காய்கறி, சோயா விழுது, உப்பு மீன். பிறகு பிரஷர் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் கசிவு சரசரவென்று இறங்கிவிட்டது. ரத்தத்தில், வம்சத்தில் எழுதியிருந்தால் இருபது முப்பது வருடத்தில் இப்படி இறங்குமா?

நம் கதைக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் 2016இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 46 சதவீதம், ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு ஒருவர். அதே 2016 ஜூனில் ரொட்டி, சிப்ஸ், சூப் பொடி போன்றவற்றில் சோடியத்துக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் அமலுக்கு வந்தது. இப்படி வரம்பு போட்டதில் உலகத்துக்கே முன்னோடி இந்த நாடு. ரொட்டிக்கு முதலில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம், 2019இலிருந்து 380.

சரி, ஒரு குவாட்டர் பன்னி, அதாவது கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது, அதற்குக் கணக்குப் போடுவோம். முழு ரொட்டி 700 கிராம் என்றால் கால் பங்கு 175 கிராம். வரம்பு வரை போட்டிருந்தால் அதில் 665 மில்லிகிராம் சோடியம், அதாவது 1.7 கிராம் உப்பு. குடைந்தெடுத்த பஞ்சையும் கறியில் தொட்டுச் சாப்பிட்டுவிடுவோம், அதனால் கழிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்றில் ஒரு பங்கு வெறும் ரொட்டியிலேயே போய்விட்டது. கறியின் உப்பு, பக்கத்தில் வைக்கும் மாங்காய் அச்சார், இரவு கருவாட்டுச் சட்னி இதையெல்லாம் இன்னும் கூட்டவில்லை. பன்னியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு அச்சாரை விடலாம்.

அடுத்தது மாத்திரை. கிளினிக்கில் பிரஷருக்கு வழக்கமாகக் கொடுப்பது அம்லோடிபின், எனாலப்ரில், ஹைட்ரோகுளோரோதயாசைடு. கடைசியாகச் சொன்னது நிறைய சிறுநீர் போக வைக்கும். கிளினிக் நாளில் வரிசையில் மணிக்கணக்காக நிற்கணும், டாய்லெட் தூரம் என்று அன்று காலை அதை விழுங்குவதில்லை. போனால் பிரஷர் கூடுதலாகக் காட்டுகிறது. இருக்கும் மாத்திரை போதவில்லை என்று நினைத்து இன்னொன்று சேர்த்து எழுதுகிறார்கள். தப்பு யாருடையது? காவடி விரதம், புரட்டாசி விரதம் என்று சாப்பாட்டோடு மாத்திரையையும் நிறுத்துபவர்கள் உண்டு. இந்த மூன்றுக்கும் வயிற்றில் சாப்பாடு இருந்தாக வேண்டும் என்பதில்லை. விரதம் தொடங்கும் முன் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், தண்ணீரும் குடிக்காத விரதமானால் கட்டாயம் கேளுங்கள். “தலை சுத்தலையே, எனக்குப் பிரஷர் இல்லை” என்பதும் கணக்கில் வராது. பிரஷர் சத்தம் போடாது.

வீட்டில் மெஷின் இருந்தால் சரியாகப் பாருங்கள். காப்பி, சிகரெட் ஆகி அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில். பட்டையை வெறும் கையில் சுற்றுங்கள், சட்டை மேல் வேண்டாம். தடித்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பேசாதீர்கள், பேசினாலே ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏழு நாள், நோட்டில் எழுதி. வீட்டில் சராசரி 135க்கு 85, அல்லது அதற்கு மேல் என்றால் அந்த நோட்டோடு கிளினிக்குக்குப் போங்கள். குளிர்காலத்தில் பிரஷரும் ஏறும், கசிவும் கூடும். நமக்கு ஆடி மாதம் குளிர்காலம் என்பதை மறக்காதீர்கள். கூழ் ஊற்றும் மாதத்தில் மாத்திரை தவறக் கூடாது.

வந்துவிட்டால்? முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். அடைப்பா கசிவா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். அதனால் மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் அது ரத்தத்தை உறைய விடாது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பிரஷர் மாத்திரையை இரண்டாகக் கொடுப்பது, வாட்ஸ்அப்பில் வருகிறதே விரல் நுனியில் ஊசி குத்துவது, ஒன்றும் வேண்டாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போங்கள். ரத்தத்தை நீர்க்க வைக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் வாசலிலேயே சொல்லுங்கள்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று விரல் காட்டுகிறார்கள். பெண்களுக்கு என்று தனியாக வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள் கசிவது ஒன்று உண்டு; பெரும்பாலும் ரத்தக்குழாயில் பலூன்போல வீங்கிய இடம் வெடிப்பதால். இது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், ஐம்பதை ஒட்டிய வயதில். புகை, பிரஷர் இரண்டும் இதற்கும் காரணம். அடையாளம் தலைவலி: ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும், வாழ்நாளில் வந்ததே இல்லை என்னும்படியான தலைவலி. உடனே கடையில் தாளில் மடித்து விற்கும் தலைவலிப் பொடியைக் கொட்டிக்கொண்டு படுக்காதீர்கள், அந்தப் பொடிகளில் ஆஸ்பிரின் இருக்கிறது. ஆம்புலன்ஸ் 10177, செல்போனில் 112. எழுதிக்கொண்டீர்களா? 10177. வணக்கம்.