4294967297 பகா எண்தானா? நேயர் கேள்விக்கு விளக்கம்

ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசினோம் அல்லவா (ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 என்பதே அது), அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேயர் ஒருவர் 4294967297 என்ற எண்ணைச் சோதித்திருக்கிறார். அந்த எண்ணில் ஒன்றைக் குறைத்து, 2-ஐ அத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தி, மூல எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதாம், "அப்படியானால் இது பகா எண்தானே, ஐயா?" என்று கேட்கிறார். தவறான விடைக்கு இவ்வளவு நேர்மையான வழியில் ஒருவர் வந்து சேர்ந்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி அளிக்கிறது.

இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டக் கிடைப்பது. ஆகவே இதனால் வகுக்கும் கணக்கில் அந்த 32-ஆம் அடுக்கு மைனஸ் 1-க்குச் சமமாகிறது. அதை வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. நேயர் எடுத்த அடுக்கான 4294967296, 64-இன் மடங்கு என்பதால், எண் பகா எண்ணோ இல்லையோ, மீதி 1 வந்தே தீரும். அடிமானத்தை, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை, 2-க்குப் பதில் 3 என்று மாற்றிப் பாருங்கள், மீதி 1 வராது, குட்டு வெளிப்பட்டுவிடும். இப்படி ஏமாற்றும் பகு எண்ணுக்கு அந்த அடிமானத்தில் போலிப் பகா எண் என்று பெயர்.

நான் வழக்கமாகச் சொல்வதை இங்கும் சொல்கிறேன்: ஓர் எண் பகு எண் என்று நிறுவ, அதன் காரணி கையில் இருக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணுக்குக் காரணியும் கிடைத்தது. 2-இன் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளுடன் 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்களாக இருப்பதைக் கண்ட ஃபெர்மா, இந்த வரிசை முழுவதுமே அப்படித்தான் என்று 1640-இல் நம்பினார். அடுத்த எண்ணான இதை 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பதையும் பின்னர் அவரே விளக்கினார். அதன்படி 193, 257, 449, 577 என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஐந்தாவதாகவே 641 அகப்பட்டுவிடுகிறது.

நேயர் கேட்காவிட்டாலும், கேட்டிருக்கலாமே என்று நான் நினைக்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதமாக எழுதலாம்? 65536-இன் வர்க்கத்துடன் 1-இன் வர்க்கம் என்பது பார்த்தவுடன் தெரியும். 62264-இன் வர்க்கத்துடன் 20449-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் இதே எண்தான் வருகிறது, காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பகா எண்ணை இரு வேறு விதங்களில் அப்படி எழுதவே முடியாது என்பதால், 641-ஐப் பற்றி ஒன்றுமே அறியாதவரும் இது பகு எண் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். மறுபடியும் காரணி தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

இதே வரிசையில், 2-இன் 16777216-ஆம் அடுக்குடன் 1 கூட்டிய எண்ணுக்கு ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் உண்டு. அது பகு எண் என்று 1999-இல் கணினியால் நிறுவினார்கள். அதன் காரணி ஒன்றுகூட இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.