ஒரு பலகை, ஒரு கம்பி
(மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பாடசாலையொன்றின் ஆசிரியர் தின விழாச் சொற்பொழிவு)

விழாத் தலைவர், அதிபர் அவர்களே, வலயக் கல்விப் பணிப்பாளரின் சார்பில் வந்திருக்கும் உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கோயில் வண்ணக்கர் ஐயா அவர்களே, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் அவர்களே, வயல் வேலையைப் பாதியில் விட்டு வந்த பெற்றோரே, முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத்தாருக்கு நன்றி. அழைப்பிதழில் வண்ணக்கர் ஐயாவின் பெயர் விடுபட்டுவிட்டது. அதற்காக அவருக்கு இன்னுமொரு வணக்கம்.

ஆசிரியர், வீடு, ஊர் என்று மூன்று பற்றியும் பேசப் பணித்திருக்கிறார்கள். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற ஔவை வாக்கிலிருந்து தொடங்குகிறேன்.

1892 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவனுக்குக் கல்வியைத் தொடக்கிவைத்தவர் குஞ்சித்தம்பி ஆசிரியர். தமிழை ஊட்டியவர் வைத்திலிங்க தேசிகர். அந்தப் பிள்ளைதான் பிறகு 1917 இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். 1920 இல் லண்டன் பி.எஸ்சி. பட்டம் பெற்றார், துறவு பூண்டு விபுலாநந்த அடிகள் ஆனார். பண்டிதரும் அவரே, விஞ்ஞான ஆசிரியரும் அவரே. இதை மறந்துவிட்டுச் சிலைக்கு மாலை போடுகிறோம்.

1947 ஜூன் 5, 6. சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயில். அடிகளின் இசை ஆராய்ச்சி நூலான யாழ்நூல் அரங்கேறுகிறது. வழக்கொழிந்துபோன யாழை, சிலப்பதிகார வரிகளையும் நரம்பின் நீளக் கணக்கையும் பக்கத்தில் வைத்து மீட்டெடுத்திருக்கிறார் அடிகள். அவர் கணக்கின்படி செய்த யாழ்கள் ஊர்வலமாக வருகின்றன. கேட்டிருக்கிறீர்களா பிள்ளைகளே, வீதியில் யாழ் ஊர்வலம்? சபையில் நரம்பு பேசுகிறது. உடல் தளர்ந்துபோன அடிகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் 19 ஆம் திகதி அவர் இல்லை. கல்லடி உப்போடையில், தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே உறங்குகிறார். காரைதீவில் ஒரு வாத்தியார் போட்ட விதை, ஐயா, எங்கே போய்க் காய்த்தது பாருங்கள்!

அந்த நரம்பு நீளக் கணக்கு பெரிய வித்தையல்ல. ஆறாம் வகுப்புப் பின்னம்தான். ஒரு மீற்றர் பலாப்பலகை, ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் முறுக்காணி, நடுவே கித்தாரின் மெல்லிய உருக்குக் கம்பி. கம்பியைத் தாங்க இரண்டு மரக்கட்டைகள், அவற்றுக்கிடையே சரியாக 72 சென்ரிமீற்றர். ஏன் 72? இரண்டாலும் மூன்றாலும் நாலாலும் மீதியில்லாமல் பிரியும். 90 என்று வைத்தால் முக்கால் பங்கு 67.5 ஆகும், பிள்ளை அரையில் தடுமாறும்.

திறந்த கம்பியைச் சுண்டுங்கள், அது ச. மூன்றாவதாக ஒரு சிறு கட்டையைக் கம்பிக்கடியில் 36 இல் நகர்த்தினால் மேல் ச. 48 இல் வைத்து நீளப் பக்கத்தைச் சுண்டினால் ப. 54 இல் ம. பிள்ளை தவறுதலாக 24 பக்கத்தைச் சுண்டினால் அடிக்காதீர்கள். அங்கேயும் ப தான் வரும், ஒரு தாயி மேலே, அதாவது அடுத்த ஏழு சுர வரிசையில். 48 இன் பாதி 24 என்று அதுவே கண்டுபிடிக்கும்.

பிழைப்பது இரண்டு இடத்தில். நகரும் கட்டை மற்றவற்றைவிட உயர்ந்திருந்தால் கம்பி இழுபட்டு, சுருதி ஏறி, 48 இல் ப வராது. கம்பியைத் தொடும் உயரம் போதும். கம்பிக்குப் பதில் தங்கூசி என்ற நைலோன் இழையைக் கட்டினால் சிறிது நேரத்தில் நெகிழ்ந்து சுருதி இறங்கும். முதல்நாளே இறுக்கிவைத்து, காலையில் மறுபடி முறுக்க வேண்டும். சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் எங்கள் பிள்ளைகளின் கைக்கு என்ன கொடுக்கிறோம்? விஞ்ஞானக் கருவி தொலைந்தால் கணக்குக் காட்டவேண்டுமென்று பயந்து அலுமாரியைப் பூட்டி வைக்கிறோம். கரும்பலகையில் படம் கீறி, ‘அவதானம்’ என்று தலைப்பிட்டு, காணாத முடிவைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். முன்பு ஆசிரியர் தங்காததற்கு வாவி கடக்கும் ஓடத்தைச் சாட்டினோம். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தாயிற்று. இனி எதைச் சாட்டுவது? உதவிக் கல்விப் பணிப்பாளர் ஐயா சிரிக்கிறார். கோபமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டையும் ஊரையும் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். செயலாளர் ஐயா, கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்: அலுமாரித் திறப்பு கிழமையில் இரண்டு நாள் மாணவர் தலைவர் கையில். பத்துப் பலகை, முப்பது கட்டை. சபையில் தச்சுவேலை தெரிந்தவர்கள் யார்? கையைக் காட்டுங்கள் பார்ப்போம்.