பெண்கள் உடையில் பாக்கெட் எங்கே போனது?

[காட்சி: மேசை மேல் இரண்டு ஜீன்ஸ். ஒன்று பெண்களுடையது, இன்னொன்று ஆண்களுடையது.]

பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட்டில் கையை விடுகிறேன். விரல் கணுவோடு நின்றுவிடுகிறது. போனை வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்கள் ஜீன்ஸில் மணிக்கட்டு வரை உள்ளே போகிறது.

2018இல் 'தி புட்டிங்' என்ற அமெரிக்க இணைய இதழ் இதை அளந்தே பார்த்துவிட்டது. 20 பிராண்டுகள், 80 ஜீன்ஸ். பெண்களின் முன்பாக்கெட் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, அகலம் 6.5 சதவீதம் குறைவு. ஒரு பெண்ணின் கை முழுதாக நுழைந்தது பத்தில் ஒரு பாக்கெட்டில்தான்.

[காட்சி: பேரிக்காய் வடிவத் துணிப்பையின் ஓவியம்]

முன்பு இப்படி இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண்கள் இந்த மாதிரிப் பையை நாடாவால் இடுப்பில் கட்டி, மேலே பாவாடை உடுத்தினார்கள். பாவாடையின் பக்கத்தில் ஒரு திறப்பு. அதன் வழியே கையை விட்டால் சாவி, காசு, ஊசிநூல், கத்தரிக்கோல் எல்லாம் கைக்கு வரும். நம் பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையும் இதே வேலையைத்தான் செய்தது.

1790களில் மார்புக்குக் கீழேயே இடுப்பு வைத்த, மெல்லிய மஸ்லின் கவுன் ஃபேஷனானது. உள்ளே பை இருந்தால் புடைத்துத் தெரியும். அதனால் பை வெளியே வந்து, கையில் பிடிக்கும் சின்னப் பர்ஸானது. கொள்ளளவும் குறைந்தது, ஒரு கையும் போனது.

இன்றும் அதே காரணம்தான் சொல்கிறார்கள்: இடுப்பு பருத்துத் தெரியுமாம். கூடவே துணிச் செலவு, தையல் கூலி. ஆண்கள் பேன்ட்டில் மட்டும் இந்தச் செலவு எப்படிக் கட்டுப்படியாகிறது? பாக்கெட் மாதிரித் தையல் போட்டு, உள்ளே பையே வைக்காத பேன்ட்டுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐந்து வயதுப் பையனின் டவுசருக்குப் பாக்கெட் உண்டு, அதே வயதுப் பெண்ணின் கவுனுக்குப் பெரும்பாலும் இல்லை. அந்த வயதில் எந்த இடுப்பு பருத்துத் தெரியப்போகிறது?

[காட்சி: தையல் மெஷின், சுடிதார் டாப்ஸ்]

சரி, நம் ஊரில் டெய்லர் இருக்கிறார். சுடிதார் தைக்கக் கொடுக்கும்போதே பாக்கெட் கேளுங்கள். "பாக்கெட் வேணும்" என்று மட்டும் சொன்னால் ரூபாய் நோட்டு அளவுக்கு ஒன்று வைத்துவிடுவார்கள். வாய் 6 அங்குலம், ஆழம் 10 அங்குலம் என்று அளவோடு சொல்லுங்கள். வாய் முடிந்த பிறகுதான் சைடு ஓப்பன் தொடங்க வேண்டும். அதனால் ஓப்பனைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். உள்பை கெட்டியான காட்டனாக இருக்கட்டும். ரேயான் என்றால் போனின் கனத்துக்குத் தொய்ந்துவிடும். வாயின் இரண்டு முனையிலும் இரட்டைத் தையல் அவசியம், முதலில் பிரிவது அங்கேதான். லைனிங் இருந்தால் பையை அதோடு சேர்த்துத் தைக்கலாம், மேல்துணி இழுக்காது.

அப்புறம், தைத்த துணியை வாங்கும்போது டெய்லர் கடையிலேயே பாக்கெட்டில் போனைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.