கையால போட்டது அப்படித்தான்!

(தலைப்பு: "இன்றைய உடைக்குப் பெருமை சேர்ப்பது இயந்திரத்தின் வேகமே! கைவினையின் நிதானமே!" நிதானமே என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, வணக்கம். நிதானத்துக்காகப் பேச வந்தவனுக்கு எட்டே நிமிஷம் கொடுத்திருக்கீங்க நடுவரே. உங்க மனசு எந்தப் பக்கம்னு அதுலயே தெரியுது.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "ஸ்லோ ஃபேஷனாம் ஸ்லோ ஃபேஷன்! அவசரப்படாம நிதானமாச் செய்யிற உடையாம்! மகள் கல்யாணத்துக்கு ஆர்டர் போட்டா பேரன் பிறந்தநாளுக்கு வந்து சேருது." நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்துச்சு. பதில் இருக்கு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதை ஒன்னு.

என் மனைவி, பொஹீமியன்னு தொளதொளன்னு நாட்டுப்புற பாணி உடை விக்கிற ஒரு பிராண்டுல பாவாடை வாங்கினாங்க. தரையைக் கூட்டுற நீளம், உள்ளே இன்னும் ரெண்டு பேர் ஒளிஞ்சுக்கலாம், அவ்வளவு சுருக்கு. துணி முழுக்க மரக்கட்டை அச்சுல பூ. நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்த ஒரு பூ மட்டும் கோணலா இருக்கே, திருப்பி அனுப்பிடலாமா?"ன்னு கேட்டுட்டேன். ஒரு பார்வை பார்த்தாங்க. "கையால போட்டது அப்படித்தான் இருக்கும். அதுதாங்க அழகே!"

மறுநாள் அவங்க சுடிதாரை நான் இஸ்திரி போட்டேன். ஒரு மடிப்பு கிழக்கே போகுது, ஒன்னு மேற்கே போகுது. "என்னங்க இது?"ன்னாங்க. விடுவேனா? "கையால போட்டது அப்படித்தான் இருக்கும்!" அதோட நிறுத்தியிருந்தா பிழைச்சிருப்பேன். பக்கத்துல ஒருத்தன் இதைக் கேட்டுக்கிட்டே நிக்கிறான், என் மகன். அடுத்த வாரம் கணக்குப் பேப்பரோட வர்றான். 38 மார்க். "என்னடா இது?" "கையால போட்ட கணக்குப்பா..." இருங்க, இருங்க, இன்னும் முடியலை. கோபத்துல அந்தப் பேப்பர்ல கோணலா ஒரு கையெழுத்தைப் போட்டேன். அப்பா கையெழுத்து மாதிரி இல்லையேன்னு டீச்சர் கேட்டிருக்காங்க. பய என்ன பதில் சொல்லியிருப்பான்? ஆங்... நீங்களே சொல்லிட்டீங்க!

சிரிச்சாச்சா? அந்தக் கோணல் பூதான் நடுவரே எங்க அணியோட சாட்சி. கட்டையைத் தூக்கித் தூக்கி வைக்கிற கை மனுஷக் கை, மயிரிழை விலகத்தான் செய்யும். மெஷின் அடிச்ச துணியில முதல் பூவும் கடைசிப் பூவும் அச்சு அசலா ஒன்னா இருக்கும். அதுலயும் 'கைவினை'ன்னு சீட்டு ஒட்டி விக்கிறவங்க உண்டு. அவங்களுக்காக வாதாட நான் வரலை. அவங்களை எதிரணியே வச்சுக்கட்டும்.

இப்ப அந்தப் பேரன் பிறந்தநாளுக்கு வர்றேன். குஜராத்துல, கட்ச் பகுதியில அஜ்ரக்னு ஒரு அச்சுத் துணி. அதுல வர்ற கறுப்பு எப்படி வருது தெரியுமா? துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணியில போட்டு நாள்கணக்கா புளிக்க விடணும். துணியைக் கடுக்காய்த் தண்ணியில முக்கிக் காயவைக்கணும். அச்சுக் குத்தித் திரும்பக் காயவைக்கணும். நீலத்துக்கு அவுரிச் சாயத் தொட்டியில முக்கி எடுக்கிறப்ப துணி நீலமாவா இருக்கும்? பச்சையா இருக்கும்! காத்து பட்டப்புறம்தான் நம்ம கண்ணு முன்னாடியே நீலமா மாறும். வானம் மூடிக்கிட்டா துணி காயாது, வேலை நின்னுடும். சூரியனுக்கு போன் போட்டு "டெலிவரி தேதி நெருங்குது சார்"னு சொல்லச் சொல்றாரா நண்பர்?

2001 குஜராத் பூகம்பத்துக்கு அப்புறம், இந்த அஜ்ரக் போடுற தமட்கா கிராமத்துத் தண்ணியில இரும்பு கூடிப்போச்சு, சாயம் சரியா ஏறலை. என்ன செஞ்சாங்க? நல்ல தண்ணி இருக்கிற இடமாத் தேடிப்போய் அஜ்ரக்பூர்னு புது ஊரையே உண்டாக்கினாங்க. நிறம் சரியா வரணும்னு ஊரையே மாத்தினவங்களைப் பார்த்து, ஏன்யா லேட்டுன்னு கேட்க நமக்கு வாய் வருமா?

வேகத்துக்கு வர்றேன் நடுவரே. 2013 ஏப்ரல் 24. வங்கதேசத்துல டாக்கா பக்கத்துல ராணா பிளாசா, எட்டு மாடிக் கட்டடம். உள்ளே தையல் ஆலைகள். இடியறதுக்கு முந்தின நாளே விரிசல் விட்டாச்சு. அதே கட்டடத்துல இருந்த வங்கி, தன் ஆட்களை வெளியே அனுப்பிடுச்சு. தையல் மெஷின்ல உட்கார்ந்த பொண்ணுங்களை மட்டும், வரலைன்னா சம்பளம் கிடையாதுன்னு மிரட்டி உள்ளே அனுப்பினாங்க. ஏன்? ஆர்டர் நேரத்துக்குப் போகணும்! 1,100 பேருக்கு மேல செத்தாங்க நடுவரே. "போம்மா வீட்டுக்கு, சட்டை ஒரு வாரம் கழிச்சுப் போகட்டும்"னு சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

அவங்க யாருக்காகத் தைச்சாங்கன்னு தெரிஞ்சுக்க, இடிபாட்டுக்குள்ள துணிச் சீட்டுகளைத் தேடி எடுக்க வேண்டியிருந்துச்சு. சீட்டுல பிராண்டு பேர் இருந்துச்சு, தைச்சவ பேர் எதுலயும் இல்லை. என் மனைவி பாவாடையில ஒரு சீட்டு தொங்குது நடுவரே, அச்சுப் போட்டவர் பேரோட. எட்டு நிமிஷம் ஆச்சுங்கிறீங்க, உட்கார்ந்துடறேன். அந்தப் பேரை எழுதுற அணிக்கே தீர்ப்பைச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.