பிடிப்பது ஒருவர், தீர்மானிப்பது இன்னொருவர்

வணக்கம் நேயர்களே. இரவு 10 மணிக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு, தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலையான ஒருவர் 11:30 மணிக்குத் தெருமுனையில் நிற்கிறார். ரோந்து வந்த போலீஸ்காரர் அவரைப் பார்த்துவிடுகிறார். ஆள் யாரென்றும் தெரியும், நிபந்தனையும் தெரியும். இப்போது அந்தப் போலீஸ்காரர் என்ன செய்யலாம்?

பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை என்பீர்கள். ஆனால் அவருக்கு அப்படி ஓர் அதிகாரம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரவில் தெருவில் நிற்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லையே. விடுதலை கொடுத்த அமைப்பு அந்த ஒருவருக்கு மட்டும் போட்ட கட்டுப்பாடு அது. மீறினால் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கனடாவில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகவே இருந்தது. சிறைக்குப் பதிலாக நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்ட ஒருவர் நிபந்தனையை மீறினால், அங்கே அது தனிக் குற்றம். போலீஸ் வழக்கம்போலக் கைது செய்யலாம். ஆனால் சிறையில் இருந்துவிட்டு பரோலில், அதாவது தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு விடுதலையாகி வந்தவர் நிபந்தனையை மீறுவது குற்றமல்ல. அவரைவிடச் சிறிய தப்பு செய்தவரைப் பிடிக்க முடிகிறது, இவரைப் பிடிக்க முடியவில்லை! மேற்பார்வை அலுவலருக்குச் சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்து வாரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2012ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். பரோல் நிபந்தனையை மீறியவரை இப்போது போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அதே பிரிவில் ஒரு கடிவாளமும் உண்டு. கைது செய்யாமலே பொதுநலன் காக்கப்படும், ஆள் தன் மேற்பார்வை அலுவலர் முன்னால் போய் நிற்பார் என்று தோன்றினால், விட்டுவிட வேண்டும். பிடித்தாலும் அவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்புவதா என்பதைப் போலீஸ் தீர்மானிப்பதில்லை.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான வரிசை. விடுதலையானவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தைத் துறை கேட்டு, நீதித்துறை அமைச்சகம் நிபந்தனையோடு கொடுத்த விடுதலை உரிமத்தை ரத்து செய்த பிறகுதான் நிபந்தனையை மீறியவர் சட்டவிரோதமாக வெளியே இருப்பவர் ஆகிறார். அதற்கு அப்புறம்தான் போலீஸ் அவரைத் தேடிப் பிடிக்கலாம். இந்தியச் சட்டமும் ஏறக்குறைய இந்த வழிதான். அரசு நிபந்தனையோடு தண்டனையைக் குறைத்து ஒருவரை விடுவித்திருந்தால், முதலில் அரசு அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டும். பிறகு எந்தப் போலீஸ் அதிகாரியும் வாரண்ட் இல்லாமல் அவரைப் பிடிக்கலாம். நன்னடத்தைக்காக நீதிமன்றம் விட்டவர் என்றால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நீதிமன்றமே சம்மனோ வாரண்டோ அனுப்பும். முதல் தடவை தவறியவருக்கு 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம் போட்டு, பிணைப்பத்திரத்தைத் தொடரவிடலாம் என்றுகூட அதில் இருக்கிறது. தொகை இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஒரு தடவை வழுக்கியவரை உடனே சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே நினைத்திருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

சரி, கைதைவிட எனக்குக் கவலை தருவது சோதனை போடும் அதிகாரம். இதில் அமெரிக்கா மிகத் தூரம் போய்விட்டது.

1987ல் விஸ்கான்சின் மாநில வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த ஒருவர் வீட்டில் துப்பாக்கி இருக்கலாம் என்று போலீஸ் துப்பறிவாளர் தகவல் கொடுக்கிறார். நன்னடத்தை அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் உள்ளே போய்த் தேடுகிறார்கள். சாதாரண உடையில் போலீசும் கூடவே போகிறது. துப்பாக்கி கிடைத்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் அது செல்லும் என்றது. போலீசுக்கு வாரண்ட் வேண்டும், நன்னடத்தை அதிகாரிக்கு வேண்டாம் என்றால், போலீஸ் அவரை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடக்கும். இதை யோசிக்கப் பெரிய சட்டப் படிப்பு வேண்டியதில்லை.

2006ல் அந்தத் தேவைகூட இல்லாமல் போனது. கலிஃபோர்னியாவின் சான் புரூனோ நகரில், பரோலில் இருந்த ஒருவர் ஒரு பெண்ணோடும் ஒரு குழந்தையோடும் தெருவில் நடந்து போகிறார். அவர் பேரில் வாரண்ட் இருக்கும் என்று நினைத்த போலீஸ் அதிகாரி நிறுத்துகிறார். வயர்லெஸ்ஸில் கேட்டால், வாரண்ட் எதுவும் இல்லை என்று பதில் வருகிறது. அதோடு விட்டிருக்க வேண்டும். பரோலில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டைப்பையில் கைவிட்டுத் தேடுகிறார். சிகரெட் பெட்டிக்குள் போதைப்பொருள் இருந்தது. அவர்மேல் எந்தச் சந்தேகமும் எழாமலே தேடியதும் சரிதான் என்று உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். தொல்லை கொடுப்பதற்காக மட்டும் தேடக்கூடாது, பரோலில் இருப்பது தேடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சில வரம்புகள் உண்டு. ஆனால் தொல்லைக்காகத்தான் தேடினார் என்பதைத் தெருவில் நின்ற அந்த ஆள் எப்படி நிரூபிப்பார்?

வேறு வழி இருக்கிறதே, முறையில்லாமல் எடுத்த ஆதாரத்தை நீதிமன்றம் தள்ளிவிடுமே என்று யாராவது கேட்கலாம். குற்ற வழக்கில் அது உண்மை. பரோலை ரத்து செய்யும் விசாரணைக்கு அந்த விதி பொருந்தாது என்று 1998லேயே தீர்ப்பாகிவிட்டது. ஆக, சட்டத்தை மீறித் தேடினாலும், கிடைத்ததை வைத்து ஆளைத் திரும்பச் சிறைக்கு அனுப்பலாம். சோதனை போட்டவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இதே நீதிமன்றம்தான் 1972ல், பரோலில் இருப்பவரின் சுதந்திரம் முழுமையானது இல்லை என்றாலும் அது சுதந்திரம்தான், விசாரிக்காமல் பறிக்கக்கூடாது என்றது. பிடித்த சூட்டோடு, வழக்கில் நேரடியாகச் சம்பந்தப்படாத ஒருவர் முன்னால் முதல் விசாரணை, பிறகு முழு விசாரணை என்று இரண்டு கட்டம் வைத்தது. அடுத்த வருடமே நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கும் அதை நீட்டியது. முடிவெடுக்கும் இடத்தில் இவ்வளவு கவனம் காட்டிவிட்டு, தெருவில் தேடும் இடத்தில் கதவை அகலத் திறந்துவிட்டது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

போலீசுக்கு அதிகாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடித்த மனைவியின் வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்தவர், நள்ளிரவில் அந்த வீட்டு வாசலில் நின்றால், மேற்பார்வை அலுவலரின் அலுவலகம் காலையில் திறக்கும்வரை யாரும் காத்திருக்க முடியாது. அங்கே உடனே கைது வேண்டும். அதற்குப் போலீஸ்காரரின் கையில் இன்றைய நிபந்தனைகள் இருக்க வேண்டும். போன மாதம் தளர்த்திய ஊரடங்கு நேரம் இன்னும் கணினியில் பழையபடியே கிடந்தால், சட்டப்படி நடந்தவர் ஓர் இரவு லாக்கப்பில் கிடப்பார்.

மீறல் என்றாலே பயங்கரமாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். அலுவலரைச் சந்திக்கும் நாளைத் தவறவிடுவது, சொல்லாமல் வீடு மாறுவது எல்லாமே கணக்கில் மீறல்தான். இப்போது காலில் கட்டும் ஜிபிஎஸ் கருவி வேறு வந்துவிட்டது. பேட்டரி இறங்கினாலும் எச்சரிக்கை மணி அடிக்கும், சிக்னல் விட்டாலும் அடிக்கும். எச்சரிக்கை நேராகப் போலீசுக்குப் போகிற மாதிரி வைத்தால் வண்டிதான் வரும். மேற்பார்வை அலுவலருக்கு முதலில் போனால், அவர் ஒரு போன் போட்டு சார்ஜ் போடச் சொல்லிவிடுவார். அவர் கூப்பிட்டும் ஆள் எடுக்காவிட்டால் அப்போது போலீஸ் போகட்டும்.

நன்றி, வணக்கம்.