நாற்காலிக்கு உங்கள் நிறை தெரிய வேண்டும்

வணக்கம் நேயர்களே. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கேட்பீர்கள். இன்னும் பலர் அதைத் தள்ளுகிறவர்கள்: மனைவி, மகள், மருமகன், வீட்டில் உதவிக்கு இருக்கிற பிள்ளை. உங்கள் இரண்டு தரப்புக்கும்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அதிலும் குறிப்பாக, உடல் கனம் கூடியவர்கள் கையால் தள்ளுகிற நாற்காலியை எப்படிப் பத்திரமாகப் பாவிப்பது என்பது பற்றி. இயன்மருத்துவராக வேலை செய்த காலம் முழுக்க என் மனதை விட்டு அகலாத விஷயம் இது.

முதலில் ஓர் எண். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற மடிக்கும் நாற்காலிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 100 கிலோ வரைக்கும்தான் செய்யப்பட்டவை. சிலவற்றில் 110, 115 என்று இருக்கும். சட்டத்தில், அதாவது இருக்கைக்குக் கீழே அல்லது முதுகுப் பக்கக் குழாயில், ஒரு சின்ன ஸ்டிக்கரில் அதை எழுதியிருப்பார்கள். இப்போதே எட்டிப் பாருங்கள். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால் 100 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் சும்மா போட்டதல்ல. சக்கர நாற்காலிகளுக்கு ஐஎஸ்ஓ 7176 என்று ஒரு சர்வதேசத் தரநிலைத் தொகுதி இருக்கிறது. அதன்படி ஆளின் நிறைக்குச் சமமான ஒரு பொம்மையை நாற்காலியில் இருத்தி, மேடு வைத்த இரண்டு உருளைகளின் மேல் 2,00,000 சுற்று ஓட்டுவார்கள். பிறகு தூக்கித் தூக்கி நிலத்தில் போடுவார்கள். 100 கிலோ பொம்மையோடு அதைத் தாங்கிய நாற்காலிக்கு 100 என்று எழுதலாம். 120 கிலோ உள்ளவர் அதில் இருந்தால் உடனே உடைந்து விழாது. அதுதான் ஆபத்து. முதல் நாள் ஒன்றும் நடக்காது, முதல் மாதமும் நடக்காது. உலோகம் உள்ளுக்குள் களைத்துக்கொண்டே வரும். ஒரு நாள் வாசற்படியில் இறங்கும்போது முறியும். "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று வீட்டில் சொல்வார்கள். நேற்று வரைக்கும் அது உள்ளே வெடிப்பு விட்டுக்கொண்டுதான் இருந்தது.

சரி, உங்களுடைய நிறை என்ன? இங்கேதான் எல்லாம் நின்றுவிடுகிறது. நாற்காலி வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் கேட்பதில்லை. இருக்கப்போகிறவர் சொல்லக் கூச்சப்படுகிறார். சப்பாத்து வாங்கும்போது அளவு கேட்டால் யாரும் கோபிப்பதில்லையே. இதுவும் அப்படி ஓர் அளவுதான்.

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் பலவீனம். வெளிநாட்டிலிருந்த மகன் காசு அனுப்பி, யாரோ போய் ஒரு நாற்காலி வாங்கி வந்திருந்தார்கள். ஒரு வருடம் ஆகவில்லை, இருக்கைச் சீலை ஆணியடியில் கிழிந்துவிட்டது. பிறகு ஒரு முன்சக்கரத்தின் கவை, அதாவது சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கவர், வளைந்தது. நான் போனபோது, "இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் இப்படித்தான்" என்றார். நிறையைக் கேட்டேன். "தொண்ணூறு இருக்கும்" என்றார். குசினி வாசலில் நின்ற மகள் எனக்குத் தெரியும்படி தலையை ஆட்டினாள்.

நிற்க முடியாதவரை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதென்றால் ஒரு நாள் போய்விடும். கீழே தெருமுனையில் ஓர் அரிசிக் கடை. மூடை நிறுக்கிற தட்டையான தராசு அங்கே இருந்தது. டீச்சரிடம் சொன்னேன். முகம் மாறிப்போயிற்று. "மூடையோட மூடையா என்னையும் நிறுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நான் அவசரப்படுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே சொல்லி அனுப்பினார், கடை பூட்டின பிறகு என்றால் வருகிறேன் என்று.

முதலாளி சட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தராசின் முன்னால் ஒரு பலகை சாய்த்து, எங்களுக்காகக் காத்திருந்தார். "டீச்சர், என்ட தங்கச்சி உங்களிட்டத்தான் படிச்சவ" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நாற்காலியோடு தராசில் ஏற்றி, பிரேக்கைப் போட்டு, நாங்கள் எல்லோரும் கையை எடுத்தோம். 139 காட்டியது. பிறகு வெறும் நாற்காலியை நிறுத்தோம், 21. ஆக, டீச்சர் 118 கிலோ. முதலாளி பில் புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். டீச்சர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சரி, இப்ப எந்த நாற்காலி வேணும் எண்டு சொல்லுங்கோ."

நேயர்களே, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆளையும் நாற்காலியையும் சேர்த்து நிறுத்து, வெறும் நாற்காலியைக் கழியுங்கள். பக்கத்தில் மாத்தராசு, மூடைத் தராசு எது இருந்தாலும் சரி. ஆனால் கூட்டம் இல்லாத நேரம் பாருங்கள். அவர் சம்மதிக்கிற வரைக்கும் பொறுத்திருங்கள்.

டீச்சருக்கு 160 கிலோ வரை தாங்கும் நாற்காலி எடுத்தோம். பாரம் கூடிய வகைகளில் இருக்கைக்குக் கீழே பெருக்கல் குறி போலக் குறுக்கே போகிற சட்டம் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். வாங்கும்போது குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். சீலையும் தடிப்பாக இருக்கும்.

அடுத்த பிரச்சினை அகலம். சாதாரண நாற்காலியின் இருக்கை 18 அங்குலம். இடுப்பு அதைவிட அகலமென்றால் பக்கத் தகடு தொடையை அழுத்திக்கொண்டே இருக்கும். கொழும்பின் புழுக்கத்துக்கு அந்த இடம் வேர்த்து, சிவந்து, புண்ணாகும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அந்தப் புண் எளிதில் ஆறாது. இருந்த பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் போகிற இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் அகலம் வேண்டாம். சக்கரம் தோளிலிருந்து தள்ளிப் போய்விடும், தானே தள்ளுகிறவருக்குத் தோள் நோகும்.

இருக்கை அகலத்தோடு ஏறக்குறைய 8 அங்குலம் கூட்டினால் நாற்காலியின் முழு அகலம் வரும். 22 அங்குல இருக்கை என்றால் 30 அங்குலம். நம் வீடுகளில் குளியலறைக் கதவுகள் பல அதைவிட ஒடுக்கம். ஆகவே கடைக்குப் போகுமுன் நாடாவை எடுத்து வாசலை அளந்துகொள்ளுங்கள். கதவு மூடியிருக்கும்போது அல்ல, திறந்து வைத்து, இடையில் மிச்சமிருக்கிற வெளியை. கொஞ்சம்தான் குறைகிறதென்றால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடலாம். கதவின் தடிப்பு மிச்சமாகும். டீச்சர் வீட்டில் அதைத்தான் செய்தோம், அரையங்குலம் மிச்சத்தில் நாற்காலி உள்ளே போனது. மாடிவீட்டில் இருப்பவர்கள் லிஃப்ட் கதவையும் அளந்துவிடுங்கள்.

இனி ஏறி இறங்குவது. கால் தட்டில் ஏறி நிற்க வேண்டாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது பலர் தட்டை மடிக்காமல் அதில் காலை ஊன்றுகிறார்கள். முழு நிறையும் முன்சக்கரத்துக்கு முன்னால் போய்விடும், நாற்காலி முன்பக்கமாகக் குப்புறக் கவிழும். கனம் கூடக் கூட அது வேகமாக நடக்கும், பிடிக்கிறவர் பிடிக்க முடியாது. தட்டை மடியுங்கள், அல்லது பக்கவாட்டில் விலக்குங்கள், அதற்குப் பிறகுதான் எழும்புவது. எழும்புமுன் இன்னொரு சின்ன வேலை. நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுங்கள். முன்னால் இருக்கிற சின்னச் சக்கரங்கள் சுழன்று முன்பக்கம் நீண்டு நிற்கும். அடித்தளம் நீளமாவதால் முன்னால் சாய்ந்தாலும் தாங்கும். பிறகு பிரேக். இரண்டு பக்கமும்.

பிரேக் என்றதும் டயர் ஞாபகம் வர வேண்டும். காற்று அடிக்கிற டயர் என்றால் பிரேக் கட்டை டயரின் மேல் அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்றுக் குறைந்தால் டயர் உள்ளே போய்விடும், கட்டைக்கு அழுத்த ஒன்றும் இல்லை. பிரேக் போட்டதாக நினைப்பீர்கள், ஆள் எழும்பும்போது நாற்காலி பின்னால் வழுக்கும். பாரம் கூடினால் டயர் இன்னும் அமுங்கும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் அடியுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்தப் பிரேக் நிறுத்தி வைப்பதற்கு. சரிவில் ஓடுகிற நாற்காலியை மெதுவாக்க அல்ல.

சரிவு என்று வந்துவிட்டோம். வாசலில் இரண்டு படி, உயரம் 14 அங்குலம் என்று வையுங்கள். 5 அடிப் பலகை ஒன்றைச் சாய்க்கிறார்கள். ஆள் 110 கிலோ, நாற்காலி 20, மொத்தம் 130. அந்தப் பலகையில் தள்ளுகிறவர் ஏறக்குறைய 30 கிலோ பாரத்தைக் கையால் தடுத்துக்கொண்டு ஏற வேண்டும். ஐம்பது வயது மகளால் அது முடியாது, முடிந்தாலும் இடுப்புப் போய்விடும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 14 அங்குலத்துக்கு 14 அடிச் சரிவு கட்டினால் அதே பாரம் 11 கிலோ. இந்த நாட்டில் 2006இல் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. பொதுக் கட்டடங்களில் சரிவுப் பாதை கட்டாயம் என்றது அந்த விதி. உங்கள் வீட்டு வாசலை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை, நீங்களேதான் பார்க்க வேண்டும். இறங்கும்போது ஆளைப் பின்பக்கமாக இறக்குங்கள். நீங்கள் கீழே, நாற்காலியின் முதுகு உங்கள் பக்கம், அடி அடியாக. காலி வீதி நடைபாதை ஓரத்தில் இறங்கும்போதும் அப்படித்தான், பெரிய சக்கரம் முதலில். கனமானவர் என்றால் ஒருவர் பின்னால், ஒருவர் முன்னால். முன்னால் நிற்கிறவர் பிடிக்க வேண்டியது சட்டத்தை. கை வைக்கிற பிடியையோ கால் தட்டையோ அல்ல, அவை கழன்று கையோடு வந்துவிடும்.

ஒரு கால் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன்பக்கப் பாரம் குறைந்துவிட்டதால் நாற்காலி பின்னால் சாயும். பெரிய சக்கரத்தின் அச்சைப் பின்னுக்கு நகர்த்த வசதி இருந்தால் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கவிழாமல் தடுக்கிற சின்னச் சக்கரங்களைப் பூட்ட வேண்டும்.

பராமரிப்பு. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, எங்கே இருந்தாலும் கடல் காற்றுத்தான். மாதத்துக்கு ஒருமுறை நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். குறுக்குச் சட்டங்கள் சேருகிற போல்ட்டைச் சுற்றி, வெல்டிங் செய்த மூட்டுகளில், முன்சக்கரக் கவையில். வர்ணத்தின் மேல் மயிரிழை போலத் துருக் கோடு ஒன்று ஓடினால் அது வெறும் துரு அல்ல, உள்ளே வெடிப்பு. அன்றிலிருந்து அந்த நாற்காலியில் இருக்க வேண்டாம். தெருவோர வெல்டிங் கடையில் ஒட்டிக்கொண்டு வராதீர்கள். அலுமினியச் சட்டமானால் சூடு பட்ட இடமே பலம் இழந்துவிடும்.

போல்ட் தேய்ந்து மாற்றுவதாக இருந்தால், ஹார்ட்வெயார் கடையில் கைக்கு வந்ததை வாங்க வேண்டாம். தலையைப் பாருங்கள், 8.8 என்று குத்தியிருக்க வேண்டும். 4.6 என்றிருந்தால் அது பலம் குறைந்த இரும்பு. நட்டும் உள்ளே நைலான் வளையம் வைத்ததாக இருக்கட்டும், தள்ளும்போது வருகிற அதிர்வில் சாதாரண நட் தானாகக் கழன்றுவிடும். டயர் வாங்கப் போனாலும் இதே கவனம் வேண்டும். 24 அங்குலம் என்று கேட்டால் சைக்கிள் டயர் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், அது ஏறாது. பல நாற்காலிகளுக்கு உரியது 37–540. பழைய டயரின் பக்கத்தில் இருக்கிற எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். சக்கரக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள், ஒன்று தளர்ந்தால் பக்கத்தில் இருப்பவை அந்தப் பாரத்தையும் சுமக்கும். சைக்கிள் கடைக்காரர் அதை இறுக்கித் தருவார்.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. மெத்தையைப் பற்றியும் வேனில் ஏற்றுவது பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வேனை விட்டுவிடுகிறேன், மெத்தை முக்கியம். ஆள் இருக்கும்போது மெத்தைக்கும் சீலைக்கும் இடையில் கையை விடுங்கள், உட்காரும் எலும்புக்கு நேர் கீழே. எலும்பு உங்கள் கையில் குத்துவது போல் இருந்தால் அந்த மெத்தை செத்துவிட்டது. கனமானவர்களுக்கு ஸ்பொஞ்ச் சீக்கிரம் சாகும். அரை மணிக்கு ஒருமுறை முன்னால் சாய்ந்து, பக்கத்துக்குச் சாய்ந்து, இரண்டு நிமிடம் பாரத்தை எடுக்க வேண்டும். முன்னால் சாயும்போது பிரேக், சின்னச் சக்கரம் முன்பக்கம், கால் தரையில். தட்டில் அல்ல. இரவில் படுக்கப் போகுமுன் தொடை மடிப்பையும் இடுப்புக்குக் கீழேயும் யாராவது பார்க்கட்டும், சிவந்த இடம் மறுநாள் காலையிலும் சிவப்பாகவே இருந்தால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். வணக்கம்.