காபோன்: ஒரு வீடும் ஒரு நாடும்

(திரையில்: இரவு நேரத் தொலைக்காட்சி ஒளிபரப்பு. சீருடையில் வரிசையாக நிற்கும் அதிகாரிகள்.)

2023 ஆகஸ்ட் 30, அதிகாலை மூன்றரை மணி வாக்கில் காபோன் நாட்டின் தேர்தல் முடிவு வெளியாகிறது. அந்த நேரத்தில் யாராவது தேர்தல் முடிவு சொல்வார்களா என்று கேட்கலாம். ஊரடங்கு போட்டு, இணையத்தையும் துண்டித்துவிட்டுத்தான் சொன்னார்கள். அதிபர் அலி போங்கோவுக்கு 64.27 சதவீத வாக்கு. மூன்றாவது முறையாக வெற்றி.

அந்த வெற்றிக்குச் சில நிமிடங்கள்தான் ஆயுள். 'காபோன் 24' என்ற சேனலில் பத்துப் பன்னிரண்டு ராணுவ அதிகாரிகள் தோன்றினார்கள். தேர்தல் செல்லாது, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, எல்லைகள் மூடப்பட்டன என்று ஒருவர் தாளைப் பார்த்துப் படித்தார். விடிந்ததும் ஜனங்கள் தெருவுக்கு வந்து ஆடினார்கள். சிப்பாய்கள் தங்கள் தளபதியைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக் கொண்டாடினார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அந்த சேனல் இயங்குவது அதிபர் மாளிகை வளாகத்துக்குள்ளே. அறிவிப்பு செய்தவர்களில் முக்கியமானவர்கள் அந்த மாளிகைக்குக் காவல் நிற்கும் குடியரசுக் காவல் படையினர். அவர்கள் யார் வீட்டுக் கதவையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார்கள்.

வணக்கம். காபோனை யார் ஆண்டார்கள், இப்போது யார் ஆள்கிறார்கள், இடையில் என்ன மாறியது என்று இந்த வீடியோவில் பார்க்கலாம்.

(திரையில்: வரைபடம். கேமரூன், ஈக்வடோரியல் கினி, காங்கோ. நடுவே காபோன்.)

மத்திய ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் கடலோரம், நிலநடுக்கோடு ஊடே ஓடும் நாடு. தலைநகர் லிப்ரவில். நிலப்பரப்பில் ஏறக்குறைய 88 சதவீதம் காடு. மக்கள்தொகை இன்றைக்கும் சுமார் இருபத்தைந்து லட்சம்தான். அந்தக் காட்டுக்கும் கடலுக்கும் அடியில் எண்ணெய், மாங்கனீசு, யுரேனியம். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள்: ஆட்கள் குறைவு, பணம் அதிகம்.

1960 ஆகஸ்ட் 17 அன்று பிரான்ஸிடமிருந்து விடுதலை கிடைத்தது. முதல் அதிபர் லியோன் எம்பா. 1964 பிப்ரவரியில் இளம் ராணுவ அதிகாரிகள் அவரைச் சிறைபிடித்தார்கள். இரண்டே நாளில் பிரெஞ்சுப் படைகள் வந்து இறங்கி, எம்பாவை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போயின. சுதந்திரம் கிடைத்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. நாற்காலிக்குக் காவல் எங்கிருந்து வருகிறது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

எம்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அவர் பாரிஸில் சிகிச்சையில் இருக்கும்போதே அடுத்தவரைத் தேடுகிறார்கள். அதிபரின் அலுவலகத்தை நடத்திவந்த ஆல்பெர்-பெர்னார் போங்கோ என்ற இளைஞர் பாரிஸுக்குப் போய் பிரெஞ்சு அதிபர் டி கோல் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். வேலைக்கு நேர்காணல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அரசியல் சாசனத்தைத் திருத்தித் துணை அதிபர் பதவியைச் சேர்த்து, அதில் அவரை உட்கார வைத்தார்கள். 1967 நவம்பரில் எம்பா இறந்தார். டிசம்பரில் போங்கோ அதிபர். வயது 31. ஆளுக்கு ஏற்றபடி சாசனத்தை அளவெடுத்துத் தைக்கும் பழக்கம் காபோனில் அன்று தொடங்கியது.

(திரையில்: கருப்புக் கண்ணாடி அணிந்த ஒமர் போங்கோவின் படம்.)

மறு வருஷமே, 1968 மார்ச்சில், ஒரே கட்சி ஆட்சி. கட்சியின் பெயர் காபோன் ஜனநாயகக் கட்சி. சுருக்கமாக பி.டி.ஜி. 1973இல் இஸ்லாத்துக்கு மாறி ஒமர் போங்கோ என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறந்த ஊரான லெவாயின் பெயரும் போங்கோவில் என்று ஆனது. அந்தப் பகுதி வரைக்கும், காட்டை அறுத்துக்கொண்டு 600 கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதை போட்டார்.

அவர் வெறும் துப்பாக்கியைக் காட்டி ஆண்டார் என்று சொன்னால் அது பாதிக் கதை. அவர் டெக்கே என்ற சிறிய இனக்குழுவைச் சேர்ந்தவர். நாட்டில் பெரிய இனம் ஃபாங். அதனால் ஒவ்வொரு இனத்துக்கும் மாகாணத்துக்கும் மந்திரி பதவி, வாரியப் பதவி என்று அளந்து பிரித்துக் கொடுத்தார். இதற்கு காபோன்காரர்கள் வைத்த பெயர் 'பூகோள அரசியல்'. உலக அரசியலுக்குச் சொல்லும் சொல்லை அமைச்சரவைப் பங்கீட்டுக்கு வைத்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்களையும் அவர் விடவில்லை. 1993 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற எம்பா அபெசோல் என்ற பாதிரியார், பத்தாண்டுக்குள் அவருடைய அரசிலேயே துணைப் பிரதமர். எண்ணெய்ப் பணம் இருந்தது, ஆட்கள் கொஞ்சம், பங்கு போட்டாலும் மிச்சம் இருந்தது.

பணத்தின் இன்னொரு பக்கம் பிரான்ஸில் தெரிந்தது. எல்ஃப் என்ற பிரெஞ்சு எண்ணெய் நிறுவனத்துக்கு காபோன் சொந்தத் தோட்டம் போல இருந்தது. காபோன் இல்லாத பிரான்ஸ் எரிபொருள் இல்லாத கார், பிரான்ஸ் இல்லாத காபோன் ஓட்டுநர் இல்லாத கார் என்று ஒமர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 2007இல் பிரெஞ்சுக் காவல் துறை விசாரித்தபோது, போங்கோ குடும்பத்துக்கு அந்த நாட்டில் மட்டும் 39 சொத்துகளும் 70 வங்கிக் கணக்குகளும் இருப்பது தெரியவந்தது. அதே நேரம் காபோனில் மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே.

1990இல் தெருவில் போராட்டம் வெடித்ததும் பல கட்சி ஆட்சிக்கு வழிவிட்டார். 1991 சாசனம், ஒருவர் இரண்டு முறைதான் அதிபராக இருக்கலாம் என்றது. 2003இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 2009 ஜூன் 8 அன்று பார்சிலோனா மருத்துவமனையில் இறக்கும்வரை ஒமர்தான் அதிபர். 41 ஆண்டுகளுக்கும் மேல்.

நடுவில் ஒரு குடும்ப விவரம், சுவாரசியத்துக்காக. ஒமரின் மனைவி எடித், பக்கத்து நாடான காங்கோவின் அதிபர் சாசு இங்கெசோவின் மகள். அந்த மாமனார் 1943இல் பிறந்தவர், மருமகன் 1935இல். மாப்பிள்ளையைவிட மாமனாருக்கு எட்டு வயது குறைவு!

(திரையில்: 2009, அலி போங்கோவின் தேர்தல் சுவரொட்டிகள்.)

சரி, அடுத்து மகன். அலி போங்கோ அப்பா காலத்தில் வெளியுறவு அமைச்சர், பிறகு பத்தாண்டு பாதுகாப்பு அமைச்சர். இளம் வயதில் ஃபங்க் இசைத்தட்டு ஒன்று போட்டவர். 2009 ஆகஸ்டில் 41 சதவீத வாக்குடன் வந்தார். ஒரே சுற்றுத் தேர்தல் என்பதால் அதுவே போதும். வாரிசு அரசியல் என்று நாம் சுலபமாகப் பெயர் வைத்துவிடலாம். ஆனால் காபோனில் அது அப்பா, மகனோடு நிற்கவில்லை. எதிரில் நின்றவர்களைப் பாருங்கள்.

2009இல் அலியை எதிர்த்தவர்களில் ஒருவர் ஆந்த்ரே எம்பா ஒபாம். ஒமரின் உள்துறை அமைச்சர், அலியின் நெருங்கிய நண்பர். 2016இல் எதிர்த்தவர் ஜான் பிங். ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்தின் முன்னாள் தலைவர், ஒமரின் வெளியுறவு அமைச்சர், எல்லாவற்றுக்கும் மேலாக அலியின் சகோதரி பாஸ்கலீனுடன் வாழ்ந்து குழந்தைகள் பெற்றவர். 2023இல் எதிர்த்த ஆல்பெர் ஒன்டோ ஒசாவும் ஒமரிடம் அமைச்சராக இருந்தவர். தீர்ப்பு சொல்லும் இடம் மட்டும் வேறா? அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு 1991 முதல் 2023 வரை ஒரே தலைவர்: மரி-மதலேன் எம்போரான்சுவோ. ஒமருக்கும் அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த நீதிமன்றத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'பைசா கோபுரம்'. எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

ஆள்பவர், எதிர்ப்பவர், தீர்ப்பு சொல்பவர் எல்லோரும் ஒரே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். காபோனின் அரசியலைப் பார்க்கும்போது எனக்கு நாடாளுமன்றத்தைவிட அந்தக் கூடம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

2016 தேர்தல் இதன் உச்சம். மொத்தம் ஒன்பது மாகாணம். எட்டு எண்ணி முடித்தபோது ஜான் பிங் முன்னிலை. கடைசியாக வந்தது போங்கோ குடும்பத்தின் சொந்த மாகாணம், ஓட்-ஓகோவே. அங்கே வாக்குப்பதிவு 99.93 சதவீதம். அதில் 95 சதவீதம் அலிக்கு. நாடு முழுக்கப் பதிவானது 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை; அங்கே மட்டும் நோயாளியோ வெளியூர் போனவரோ ஒருவரும் இல்லை போலிருக்கிறது. அலி 6,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்று இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. வழக்கு பைசா கோபுரத்துக்குப் போனது. என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2018 அக்டோபரில் ரியாத்துக்குப் போன இடத்தில் அலிக்குப் பக்கவாதம். பல மாதங்கள் நாட்டில் இல்லை. அதிபர் 'தற்காலிகமாக' இயலாமல் இருந்தால் என்ன செய்வது என்று சாசனத்தில் வழி இல்லை. நீதிமன்றமே ஒரு பத்தியை எழுதிச் சேர்த்துவிட்டது! 2019 ஜனவரியில் சில சிப்பாய்கள் வானொலி நிலையத்தைப் பிடித்தார்கள்; சில மணி நேரத்தில் அடங்கிப்போனது. அதன்பிறகு மனைவி சில்வியா, மகன் நூரெதீன் கை ஓங்கியது என்பது ஊரறிந்த பேச்சு. அந்த மகனுக்காகவே அதிபர் விவகாரங்களின் பொது ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவி முளைத்தது. வீட்டுக்குள் இருந்த பழைய ஆட்களுக்கு இது ரசிக்கவில்லை.

(திரையில்: பச்சைத் தொப்பி அணிந்த குடியரசுக் காவல் படை அணிவகுப்பு.)

இப்போது அந்தத் தளபதிக்கு வருவோம். பிரிஸ் க்ளோதேர் ஒலிகி இங்கெமா. 1975இல் அதே ஓட்-ஓகோவேயில் பிறந்தவர். மொராக்கோவில் ராணுவப் பயிற்சி. ஒமர் சாகும்வரை அவருடைய மெய்க்காவல் உதவியாளர். அலி வந்ததும் மொராக்கோவுக்கும் செனகலுக்கும் தூதரகப் பணிக்கு அனுப்பப்பட்டார். கிட்டத்தட்ட பத்து வருஷ வனவாசம். திரும்பி வந்தவர் குடியரசுக் காவல் படைக்கே தலைவரானார். போங்கோக்களுக்குத் தூரத்து உறவு என்றும் செய்திகள் சொல்கின்றன. அமெரிக்காவில் ரொக்கத்துக்கு வீடுகள் வாங்கினார் என்று 2020இல் ஒரு புலனாய்வுச் செய்தியாளர் அமைப்பு எழுதியதும் இவரைப் பற்றித்தான்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் ஊரில் சொல்வோம். காபோனில் வேலி எழுந்து நடந்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். 56 வருஷமாகப் பயிரை யார் மேய்ந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தோற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒன்டோ ஒசா மட்டும், இது அரண்மனைப் புரட்சி, குடும்பத்துக்குள் ஆள் மாற்றுகிறார்கள் என்று உடனே சொன்னார்.

செப்டம்பர் 4 அன்று ஒலிகி இடைக்கால அதிபர். ஆட்சியைக் குடிமக்களிடம் ஒப்படைப்பேன் என்றார். 2024 நவம்பர் 16 அன்று புதிய சாசனத்துக்குப் பொது வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆம் என்றார்கள்.

அந்தச் சாசனம்தான் இன்றைய அரசின் கட்டமைப்பு. பிரதமர் பதவியே கிடையாது. நாட்டுக்கும் அரசுக்கும் தலைவர் அதிபரே. அவருக்குக் கீழே நாட்டுக்கு ஒரு துணை அதிபர், அரசுக்கு ஒரு துணைத் தலைவர். இருவரையும் நியமிப்பது அவரே. பதவிக்காலம் ஏழு ஆண்டு, இன்னொரு முறை நிற்கலாம். போட்டியிட வயது 35 முதல் 70 வரை. அதிபரின் மனைவியோ, கணவரோ, பிள்ளைகளோ அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வர முடியாது. இந்தக் கடைசி விதியை யாரை நினைத்து எழுதினார்கள் என்று ஊருக்கே தெரியும். மகன் வரும் வழி அடைக்கப்பட்டது, அதிபரின் கை முன்னைவிட நீண்டது. இரண்டும் ஒரே தாளில்.

2025 ஏப்ரல் 12 அன்று அதிபர் தேர்தல். ஒலிகிக்கு 94.85 சதவீதம். மக்களுக்கு அவர்மேல் உண்மையான பிரியம் இருந்தது, நின்றுபோன சாலைப் பணிகள் மறுபடி ஓடின, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் 94 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு ஓட்-ஓகோவே ஞாபகம் வருகிறது. இரண்டாமிடம் பிலி-பை-இன்ஸே, சுமார் 3 சதவீதம். யார் இவர்? அலி போங்கோவின் கடைசிப் பிரதமர். அதே கூடம். பி.டி.ஜி. கட்சியின் பெரிய அணி ஒலிகியைத்தான் ஆதரித்தது. ஜூலையில் ஒலிகி புதுக் கட்சி தொடங்கினார். அந்த ஆண்டே நாடாளுமன்றத்தில் அது பெரும்பான்மை பிடித்தது.

அலி போங்கோ 2025 மே மாதம் குடும்பத்தோடு அங்கோலாவுக்குப் போய்விட்டார். நவம்பரில் லிப்ரவில் நீதிமன்றம் சில்வியாவுக்கும் நூரெதீனுக்கும், அவர்கள் இல்லாமலே விசாரித்து, 20 ஆண்டு சிறை விதித்தது.

(திரையில்: ஒரு காலக்கோடு. 1967, 1991, 2003, 2023, 2025.)

கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துவிடலாம். ஒலிகியின் முதல் பதவிக்காலம் 2032இல் முடியும். மறுபடி நின்று ஜெயித்தால் 2039 வரை. அப்போது அவருக்கு வயது 64. உச்ச வரம்புக்கு இன்னும் ஆறு வருஷம் மிச்சம் இருக்கும். இரண்டு முறை என்ற விதியை யாரும் திருத்தக் கூடாது என்று இந்த முறை சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1991 சாசனத்தின் விதி பன்னிரண்டு வருஷம் தாங்கியது. இது பன்னிரண்டைத் தொடும் ஆண்டு 2036.